சுகம் பெற்றவள்

எங்கள் சபை மும்பை தாராவியில் ஒரு தோல் பைப் பட்டறையின் மாடியில் கூடுகிறது. ஞாயிற்றுக்கிழமையும் கீழே வேலை நடக்கும். ஒட்டுப் பசையின் நெடி படியேறி வந்து எங்களோடு ஆராதனையில் உட்கார்ந்துகொள்ளும். முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பாட்டுகளை இந்தி எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவார்கள். கல்யாணமாகி இங்கே வந்த எனக்குச் சொந்தம் என்று இருந்தது அந்த மாடி மட்டும்தான். பிள்ளை பெற்றபோது பத்தியச் சோறு ஆக்கிக் கொண்டுவந்தவர்கள் சபைப் பெண்கள். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தபோது எங்களைக் கூட்டிப்போய்ப் படுக்க இடம் கொடுத்ததும் அவர்கள்தான்.

அங்கேதான் என் கணவர் எழுந்து நின்று, எனக்குச் சுகமாகிவிட்டது என்று சாட்சி சொன்னார்.

சாட்சி என்பது எங்களிடம் லேசான காரியம் இல்லை. ஆண்டவர் தனக்குச் செய்ததை ஒருவர் சபை நடுவே சொல்வது. சொல்லி முடித்ததும் எல்லோரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொல்வார்கள். அதன்பிறகு அது சொன்னவருடையது இல்லை, சபை முழுவதற்கும் சொந்தம். எனக்கு நெஞ்சில் டிபி. மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் இருமல் நின்றது, சோறு இறங்கியது. இன்னும் பாதி மருந்து பாக்கி இருக்கிறது என்றுதான் டாக்டர் சொன்னார். அதற்குள் இவருக்குப் பொறுக்கவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னார். நடிப்பு இல்லை, அந்த மனிதருக்கு நடிக்கத் தெரியாது. நானும் அழுதேன்.

வீட்டுக்கு வந்து மாத்திரையை எடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாட்சி சொல்லிட்டு இத முழுங்குனா அவிசுவாசம்லா?"

"டாக்டர் நிறுத்தச் சொல்லலிய."

"ஆண்டவர் பெரியவரா, டாக்டர் பெரியவரா?"

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு யாரால் பதில் சொல்ல முடியும்? நிறுத்திவிட்டேன். போதகர் ஒருநாளும் மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் இல்லை. நிறுத்தாதே என்றும் சொன்னதில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

மழைக்காலம் முடிவதற்குள் இருமல் திரும்பியது. கேட்டவர்களிடம் பட்டறை நெடி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். ஒருநாள் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. கணவரிடம் காட்டினேன். அவர் முகம் செத்துப்போனது.

"சபையில யாருட்டயும் சொல்லிராத. ஆண்டவர் பேரு கெட்டுப்போவும்."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு?"

"இங்க போனா நம்ம ஆளுக பாத்துருவாவ. ரயிலேறி உல்லாஸ்நகர் போயி பாப்போம். கொஞ்சம் பொறு."

ஆண்டவருடைய பெயரைத் தாங்குவதற்கு என் ஓட்டை நுரையீரல்தான் கிடைத்தது. பொறுத்தேன். உல்லாஸ்நகர் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது. சேலை இடுப்பில் நிற்கவில்லை. அடுப்பங்கரையில் நின்றபடியே, "ஒண்ணு என்னைச் சுகமாக்கும், இல்லன்னா சபையில சொல்லவாவது விடும்" என்று ஜெபிப்பேன். இரண்டும் நடக்கவில்லை.

இதற்கிடையில் சபையில் நான் சுகம் பெற்றவள். சீக்காளிகளை என்னிடம் கூட்டிவந்தார்கள். என் கையைப் பிடித்துத் தங்கள் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். இருமலை அடக்கி அடக்கி விலா எலும்பு குத்தும். சபை என்பது இந்த மாடி இல்லை, கிறிஸ்துவின் சரீரம் என்று போதகர் அடிக்கடி சொல்வார். காலில் முள் குத்தினால் உடம்பு முழுக்கத் துடிக்காதா என்று கேட்பார். எனக்குக் கேட்கக் கேட்க ஆத்திரம் வரும். எப்படித் துடிக்கும்? முள் குத்திய கால்தான் தனக்கு ஒன்றுமே இல்லை என்று நிற்கிறதே. அத்தனை பேர் நடுவில் அனாதையாக உட்கார்ந்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னப் பெண் தன் கைக்குழந்தையோடு என்னிடம் வந்தாள். "அக்கா, பிள்ளைக்குச் சளி. நீங்க தூக்கி ஜெபிச்சா போதும்" என்றவள், நான் பதில் சொல்வதற்குள் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டாள். அது வாயைத் திறந்தபடி என் முகத்தையே பார்த்தது. எனக்கு நெஞ்சுக்குள் இருமல் கிளம்பியது. பதறிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி அவள் கையில் திணித்தேன்.

"எடுத்துட்டுப் போ. என் கிட்ட வராத."

அவள் முகம் சுண்டிப்போனது. அன்று சாட்சி நேரம் வந்ததும் எழுந்தேன். ஆண்கள் பக்கத்திலிருந்து என் கணவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"எனக்குச் சுகமாவல," என்றேன். "மாத்திரைய நிறுத்துனதுல வியாதி திரும்பி வந்துட்டு. ரத்தம் வருது. பிள்ளையள யாரும் எங்கிட்ட கொண்டு வராதிய."

யாரும் கைதட்டவில்லை. கீழே தையல் மெஷின் ஓடுவது கேட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் பாயில் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் சொன்னதைத்தானே செய்தார்கள், ஆனாலும் வலித்தது. கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு இருந்த ஒரே சொந்தத்தையும் நானே அறுத்துவிட்டேன் என்று நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன்.

அப்போது சுவரோரம் இருந்த ஒரு பெரியம்மா மெல்ல எழுந்தார். சர்க்கரை வியாதிக்காரர். கொஞ்ச நாளாகவே காலில் கட்டோடு வந்துகொண்டிருந்தார். எங்களில் யாரும் என்னவென்று கேட்டதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். போதகரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ஏட்டி, ஒனக்குச் சுகமான சாட்சியக் கேட்டுத்தான் நானும் என் மாத்திரைய நிறுத்துனேன். இப்ப நான் திரும்பப் போடலாமா?"