பிரித்துப் போட்ட வண்டி

கரியேறிய இரும்பை மண்ணெண்ணெய் ஊற்றித் துடைக்கும்போது எழும் காரமான நெடி, ஒரு வாரமாக எங்கள் வீட்டுச் சோற்றிலும் ஏறியிருந்தது. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் ஒன்பது வயதுப் பெண். அப்பா பாலக்கோட்டில் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். மேட்டில் ஏற முடியாமல் அது திணற ஆரம்பித்ததும், எஞ்சினின் மேல்பாகத்தை, அவர் 'ஹெட்டு' என்பார், தானே கழற்றிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

கழற்றப் போன காலையில் அம்மா என் நான்கு வயதுத் தம்பி மாதுவை இடுப்பில் வைத்தபடி வாசலுக்கு வந்தாள்.

"பையனுக்கு ஒடம்பு சுடுதுங்க. ரெண்டு நாள் கழிச்சிப் பிரிங்களேன்."

"சாதாக் காய்ச்சல்தான். கசாயம் வெச்சிக் குடு" என்றார் அப்பா.

மூன்றாம் நாள் மாதுவின் தொண்டை வீங்கி மூச்சு இழுத்தது. வைத்தியர் பார்த்துவிட்டு, தொண்டை அடைப்பான், உடனே தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடும் ஒரே பஸ் காலையிலேயே போய்விட்டிருந்தது. ஹெட்டிலிருந்து கழற்றி, கூடத்தில் விரித்த சாக்கின்மேல் வரிசையாக வைத்திருந்த எட்டு வால்வுகளையும் பார்த்தபடி அப்பா நின்றார். அம்மா அவரைக் குறை சொல்லவில்லை. "மாட்டு வண்டி பூட்டச் சொல்லுங்க" என்றாள், அவ்வளவுதான். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனவர்கள், பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

அடக்கம் முடிந்து குளித்துவிட்டு வந்த அப்பா, ஈர வேட்டியோடு சாக்கின் முன் உட்கார்ந்து, இரும்பு தேய்க்கும் சாணைப் பொடியை எண்ணெயில் குழைத்துத் தடவி, வால்வு கசியாமல் பொருந்துவதற்காக அதை அதன் குழியில் வைத்துத் திருப்புளியால் முன்னும் பின்னுமாகத் தேய்க்கத் தொடங்கினார். துக்கம் கேட்க வந்த பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். "என்ன மனுசனோ" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அவர் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை, பசித்தது, சாப்பிட்டேன்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் எட்டும் முடிந்தன. ஹெட்டைக் கவிழ்த்து, குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றி, வால்வு வழியே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். டின்னில் சொட்டும் இல்லை. அம்மா எழுந்து போய், விளக்கில் இருந்ததை ஒரு கிண்ணத்தில் வடித்துக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். இருவரும் குனிந்து வெகுநேரம் பார்த்தார்கள்.

"ஒழுகலீங்க" என்றாள். மாட்டு வண்டியை விட்டு இறங்கிய பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

ஹெட்டை மாட்டிய மறுநாளே, ஒருவர் தம் பெண்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்து, தருமபுரிக்குப் போக வேண்டும் என்றார். அப்பா, "வண்டி வராதுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அம்மா மூலையிலிருந்த, காரின் முன்னால் செருகிச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டிங் கம்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"போங்க. இப்பத்தான் ஓடுதில்ல."

அவர் போனார். அந்தக் குழந்தை பிழைத்ததா என்று திரும்பி வந்தபிறகு அவர் சொல்லவில்லை; அம்மாவும் கேட்கவில்லை.

கார் எப்போதோ கைமாறிப் போயிற்று. அப்பாவும் அம்மாவும் போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. இப்போது பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கு ஆம்புலன்ஸ் அரை மணி நேரத்தில் போய்விடுகிறது. மாதுவைப் போட்டோ எடுத்ததில்லை. அவன் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றால் வருவதில்லை. கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று புகுந்த வீட்டில் கேட்டபோது, இல்லை என்று சொன்னேன். இன்றுவரை அப்படித்தான் சொல்லிவருகிறேன்.