ஹாஷிம் நானாவோட தோடம்பழத் தோல் கோப்பி

"இந்த ரோட்டால போறவங்களுக்கு நாக்கே இல்ல, தொண்டை மட்டுந்தான் இரிக்கி. கோப்பிய ஊத்துறாங்க, குடிக்கிறல்ல."

காலையில கடைப் பலகையத் தெறக்கையில ஹாஷிம் நானா இப்பிடித்தான் ஆரம்பிப்பாரு. கேக்க ஆளில்லாட்டி அடுப்புக்கிட்ட சொல்வாரு.

நமுனுகுல தோட்டத்துலேருந்து பதுளைக்கு எறங்குற ரோட்டுல அவரு கடை. கோப்பியெல்லாம் நோய்ல போயி, மலை முழுக்கத் தேயிலை ஏறின பொறவும், கடைக்குப் பின்னால நாப்பது கோப்பிச் செடிய விடாப்புடியா வச்சிருந்தாரு. ஒரு வருசம் தோடம்பழத் தோல, அதான் ஆரஞ்சுத் தோலக் காயவச்சு, வறுத்த கொட்டையோட சேத்து இடிச்சாரு. காலைக் குளிருக்குச் சூடா. மத்தியானத்துக்குப் புதுப்பானையில ஊத்தி, ஈரத்துணி சுத்தி, ஜில்லுனு. மணம் ரெண்டு வளைவு தாண்டிப் போச்சு.

வினையும் அதோடயே போச்சு. தோட்டத்து ஆளுக குடியிருக்கிற லயத்துல, கோப்பியில அந்த மாதிரிப் புளிப்பு வாசம் வந்தா ஒரே அர்த்தந்தான்: யாருக்கோ வயித்தால போகுது. கோப்பியில தேசிக்காய, அதான் எலுமிச்சையப் புழிஞ்சு, மூக்கப் புடிச்சு ஊத்திவுடுவாங்க. கொழுந்தெடுக்கிற பெரியாயி கடைவாசல்ல நின்னு மோந்து பாத்துட்டு, நோயாளிக்கு இப்பத் தேவலையான்னு ரொம்பப் பரிவாக் கேட்டுட்டுப் போனா. மறுநா விடியக்கால, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல, பொன்னையா கங்காணி சொல்லிட்டாரு: நானா கடையில நோவு, ஒருத்தரும் கால் வைக்கக்கூடாது.

கடை வெறிச்சோடிச்சு. தோலத் தூக்கி எறிஞ்சிட்டுப் பழைய கோப்பியே போடுங்க, இல்லாட்டிக் கடைய மூட வேண்டியதுதான்னு பொண்டாட்டி ஸல்மா அழுதா. நிப்பாட்டினா நோவு இருந்தது நெசம்னு ஆயிருமேன்னாரு நானா.

ரோட்டோரமா பெஞ்சத் தூக்கிப் போட்டாரு. ஆளுக மலையேறுற நேரத்துலேருந்து எறங்குற நேரம் வரைக்கும் அதுலயே உக்காந்து, அந்தக் கோப்பியவே செம்பு செம்பாக் குடிச்சாரு. வெத்திலைக்கும் எந்திரிக்கல. தொழுகப் பாயக்கூட பெஞ்சுக்குப் பக்கத்துலதான் விரிச்சாரு. போறவங்க அவரு மொகத்தப் பாக்கல, எப்ப பொதருக்கு ஓடுவாருன்னு காலத்தான் பாத்தாங்க. அஞ்சு நா. கால் அசையல.

ஆறாம் நா கொட்டுற மழை. நனைஞ்ச கோழியாட்டம் பொன்னையா கங்காணியே கடையில ஒதுங்கினாரு. நானா ஒரு கோப்பையக் குடுத்தாரு. கங்காணி மூக்கப் புடிச்சாரு, ஒரு மடக்கு உள்ள போச்சு, மூக்க விட்டாரு. ரெண்டாவது கோப்பைக்குக் கைய நீட்டினாரு. வெளிய அவரு ஆளுக வரிசையாப் பாத்துக்கிட்டு நின்னாங்க.

மீசையத் தொடச்சுக்கிட்டு, கவுரவம் போகாம, "ஏன் நானா, பேசாம மருந்துன்னே வித்திருக்கலாமே?"ன்னாரு கங்காணி.

"மருந்துண்டா ஒரு கோப்பையோட சொகமாகிப் போயிருவீங்க, கங்காணி. எனக்கு நீங்க நாளைக்கும் வரணும்."