காவலுக்குப் போன கோடை

நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்த கோடையில் எங்கள் வீட்டுக் கிணறு முழுதாக வற்றிவிடவில்லை. ஆனால் வாளியை விட்டால் அடிப்பாறையில் மோதி நங்கென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் பெரியம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். யார் இறைக்கிறார்கள், எதற்கு இறைக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். வீட்டின் மூத்த மருமகள் அவள். அரிசி, எண்ணெய், உப்பு எல்லாமே அவள் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. அந்த வருஷம் தண்ணீரும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது.

சாலவாக்கத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவே டவுன் பஸ் நின்று போகிற ஊர் எங்களுடையது. பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தோம். பெரியப்பாவின் பிள்ளைகளான அண்ணனும் அக்காவும் என்னைவிடப் பெரியவர்கள். எனக்குக் கீழே தம்பி, மூன்று வயது நிரம்பாதவன். கத்திரி வெயில் பிறப்பதற்கு முன்பே அவன் உடம்பெல்லாம் வேர்க்குரு. சொறிந்து சொறிந்து அழுவான். ஒருநாள் மத்தியானம் அம்மா அவனைக் கிணற்றடியில் நிற்கவைத்து இரண்டு குடம் தண்ணீரை அவன் தலையில் ஊற்றிவிட்டாள். அவன் கைதட்டிச் சிரித்தான்.

பெரியம்மா கத்துகிறவள் இல்லை. நிதானமாகத்தான் சொன்னாள்.

"ஊரே குடிக்க தண்ணி இல்லாம அலைஞ்சிகினு கீது. உங்கப்பன் வூட்ல இருந்து எட்த்தாந்த கெணறா இது?"

அம்மா முந்தானையால் தம்பியைத் துவட்டினாள். அவன் உலர்ந்த பிறகும் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் அப்பா வந்ததும் இருவரும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்று பேசினார்கள். பேசியது அம்மாதான். அப்பா பசுவின் கொம்பைத் தடவிக்கொண்டு நின்றார். தன் அண்ணன் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாதவர் அவர். மறுநாள் காலையில் பெரியப்பாவிடம் போய், மாட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"தர்பூசணியில மயிலு வாய் வெக்குது. பன்னியும் வருது. காய் எறங்குற வரிக்கும் நாங்க கொல்லியாண்டயே இருந்துக்கறோம்."

"நாங்கன்னா?"

"புள்ளைங்களும்தான்."

பெரியப்பா தோள் துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். "சரி, இரு" என்றார். எங்கள் வீட்டில் பெரிய சண்டை என்று நடந்தது அவ்வளவுதான். மயிலை விரட்டுவதற்குக் கைக்குழந்தை மாதிரி ஒருத்தனும், அவன் தலையணையும், அம்மாவின் டிரங்குப் பெட்டியும் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. காவலுக்குப் போகிறோம் என்றுதான் எனக்கும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பெருமையாகச் சொல்லிவிட்டும் வந்தேன்.

கொல்லை என்றது ஏரிக்கரையைத் தாண்டி இருந்த எங்கள் நிலத்தை. ஏரி வெடித்துக் கிடந்தது. நடுவில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர், அதில் எருமைகள். நிலத்தின் மூலையில் போர் மோட்டாருக்காகக் கட்டிய கொட்டகை இருந்தது. செங்கல் சுவர், மேலே சிமெண்ட் ஷீட்டு. ஒரு பக்கம் ஸ்டார்ட்டர் பெட்டி, மறுபக்கம் நாங்கள் நாலு பேர் நெருக்கிப் படுக்கலாம். அப்பா முன்பக்கம் தென்னங்கீற்றில் ஒரு பந்தல் போட்டார். அம்மா மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். முதல் நாள் பால் பொங்கும்வரை கிண்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். வழிந்ததும் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். பாலை வீணாக்கிவிட்டுச் சிரிக்கிறாளே என்று எனக்கு ஆச்சரியம்.

த்ரீ பேஸ் கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் ஸ்டார்ட்டர் உறுமும். குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டும். தம்பியும் நானும் குழாய்க்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்போம். யாரும் எங்களை வெளியே வா என்று சொல்லவில்லை. ஒருநாள் அம்மாவும் புடவையோடு தொட்டியில் இறங்கிவிட்டாள். பட்டப்பகலில், தலையை அவிழ்த்துவிட்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தாள். "இன்னா மே இது, யாராவது வந்தா" என்றார் அப்பா. "வந்தா காய் வாங்க வந்தவங்களா இருக்கும். குடுத்து அனுப்பு" என்றாள் அம்மா. அவள் இப்படியெல்லாம் பதில் சொல்லுவாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் தெரிந்தது. மயில்கள் உண்மையிலேயே வந்தன. அப்பா தகரத்தைத் தட்டுவார். அவை நாலடி நடந்து போய்விட்டு மறுபடி வரும். ஒரு காலையில் அப்பா இல்லாத நேரம். அம்மா பந்தலிலிருந்து எழுந்து, இரண்டு விரலை வாயில் மடித்து வைத்து ஒரு விசில் அடித்தாள். நிலத்தின் அந்தக் கோடியில் மேய்ந்த மயில்கள் பறந்து புங்க மரத்தில் ஏறின. ஏரிக்கரையில் போன யாரோ திரும்பிப் பார்த்தார்கள். நான் அம்மாவின் வாயையே பார்த்தேன்.

"எங்க கத்துக்கின?"

"எங்கூர்ல ஆடு ஓட்டும்போது. உங்க நைனாவாண்ட சொல்லாத."

அப்பாவுக்கு ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிட்டது. தெரியாதது போல வரப்பை வெட்டிக்கொண்டிருந்தார். ஆனால் விசில் வரும்போதெல்லாம் மண்வெட்டி ஒரு நொடி நிற்கும்.

அங்கே நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். வீட்டில் அம்மா சாப்பிட்டு நான் பார்த்ததே கிடையாது. எல்லோரும் முடித்த பிறகு உள்ளே எங்கேயோ சாப்பிடுவாள். இங்கே அவள் தட்டு என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா அடிபட்ட காய் ஒன்றைக் கையால் குத்தி உடைப்பார். நடுவில் இருக்கும் இனிப்பான சிவப்புப் பகுதியை அம்மா எடுத்துக்கொள்வாள். கேட்காமல் எடுத்துக்கொள்வாள்.

இவ்வளவும் நடந்த அந்த நாட்களில் நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஃபேன் இருந்தது. டிவி இருந்தது. எனக்குத் தலைபின்னி விடுகிற அக்கா இருந்தாள். மத்தியானத்தில் சிமெண்ட் ஷீட்டு காய்ந்த தோசைக்கல்லாகிவிடும். புங்க மரத்தடியில் பாய் போட்டுக் கிடப்போம். "எப்பம்மா வூட்டுக்குப் போவோம்?" என்று தினமும் கேட்பேன். "காய் எறங்கட்டும்" என்பாள். எந்தக் காய், எப்போது இறங்கும் என்று நான் ஒவ்வொரு தர்பூசணியையும் தட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

பிறகு குழாயின் இருமல் நீண்டுகொண்டே போனது. தண்ணீர் விட்டு விட்டு வந்தது. சேறு வந்தது. ஒருநாள் வெறும் காற்று வந்தது. அப்பா ஆளைக் கூட்டிவந்து பைப்பை இன்னும் கீழே இறக்கினார். கொஞ்ச நாள் வந்துவிட்டு மறுபடியும் நின்றது. கொடிகள் மத்தியானத்தில் துவண்டு, சாயங்காலமும் நிமிராமல் கிடந்தன. காய்கள் தேங்காய் அளவோடு நின்றுவிட்டன. அம்மா பக்கத்துக் கொல்லையிலிருந்து குடம் சுமந்தாள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. அப்போதும், "இன்னும் பத்து நாள் தாக்கு புடிச்சா மழ வந்துடும்" என்று அப்பாவுக்குத் தைரியம் சொன்னது அவள்தான்.

மழைக்கு முன்னால் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் கஷாயம் குடித்துவிட்டுத் தூங்கினான். அப்பா மோட்டார் விஷயமாக உத்திரமேரூர் போயிருந்தார். எங்கள் நாலு பேருக்கும் இருந்த ஒரே செல்போன் அவர் சட்டைப்பையில். உச்சிவெயிலில் தம்பி திடீரென்று விறைத்துக்கொண்டான். கண் மேலே செருகியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வூட்டுக்கு ஓடு. பெரீம்மாவ கூப்டு."

செருப்பு இல்லாமல் ஓடினேன். ஏரிக்கரை மண் கொதித்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் மூச்சு வாங்கியதில் எனக்குப் பேச்சே வரவில்லை. தம்பி மாதிரி கண்ணை மேலே செருகிக் காட்டினேன். பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அண்ணனிடம் பைக்கை எடுக்கச் சொன்னாள். ஏறப்போனவள் திரும்ப உள்ளே ஓடி ஒரு குடம் தண்ணீரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு டேங்கின் மேல் இடம்.

நாங்கள் போனபோது தம்பியின் இழுப்பு நின்றிருந்தது. ஆனால் உடம்பு அனலாக இருந்தது, கண் திறக்கவில்லை. பெரியம்மா அம்மாவின் மடியிலிருந்து அவனை வாங்கினாள். தன் முந்தானையைக் குடத்துக்குள் விட்டு நனைத்து அவன் நெற்றி, கழுத்து, அக்குள் எல்லாம் துடைத்தாள். மறுபடி மறுபடி நனைத்தாள். தண்ணீர் அவள் புடவையில் வழிந்து மண்ணில் ஓடியது. "ராஜா, இங்க பாரு, பெரீம்மா வந்து கீறேன் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

சாலவாக்கம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். காய்ச்சல் ஏறினால் சின்னப் பிள்ளைகளுக்கு இப்படி வரும், பயப்பட வேண்டாம் என்றாள் நர்ஸ். "ஷீட்டு வூட்லயா வெச்சிகினு கீறீங்க? ஃபேன் காத்து வர்ற எடத்துல வெச்சிக்கோம்மா" என்றாள். அண்ணன் போன் செய்ததில் அப்பா அதற்குள் வந்துவிட்டிருந்தார். மொபெட்டைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார், ஸ்டாண்டு போடவில்லை.

பெரியம்மா தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "வூட்டுக்கு வந்துடு. புள்ளைய வெச்சிகினு இன்னாத்துக்கு இந்த வெயில்ல."

அம்மா தம்பியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா விசில் அடித்து நான் கேட்கவில்லை. இப்போது சிங்கப்பெருமாள்கோயிலில் வாடகை வீட்டில் இருக்கிறேன். எனக்கும் ஒரு மகள். அம்மா வந்து நாலு நாள் தங்குவாள். என் அடுப்படியில், நான் சம்பாதித்து வாங்கிய சாமான்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, "கொஞ்சம் உப்பு எட்த்துக்கவா?" என்று கேட்பாள். "இது உன் வூடுதாம்மா" என்பேன். "ஆமா" என்று சொல்லிவிட்டு, அடுத்த தடவையும் கேட்பாள். அப்போதெல்லாம் எனக்கு அந்தக் கொட்டகைக்குப் போக வேண்டும் போலிருக்கும். தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை அங்கிருந்து அழைத்து வர வேண்டும் போலிருக்கும்.

நாங்கள் கொட்டகையைக் காலி செய்த அன்று பெரியப்பா டிராக்டர் அனுப்பினார். அண்ணன் ஓட்டி வந்தான். தம்பி முந்தின நாளே பெரியம்மாவோடு வீட்டுக்குப் போய்விட்டான். சாமான் ஏற்ற அதிக நேரம் ஆகவில்லை. நான் டிரெய்லரில் முதலில் ஏறி டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன். அக்கா எனக்கு ரெட்டைப் பின்னல் போடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். சாயங்காலம் டிவி பார்க்கலாம். எனக்கு நிலைகொள்ளவில்லை.

அம்மா மட்டும் வரவில்லை. காலிக் கொட்டகையை உள்ளே பெருக்கினாள். பந்தலைப் பெருக்கினாள். அடுப்புச் செங்கற்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகச் சுவர் ஓரம் அடுக்கினாள். "சித்தி, நேரமாவுது" என்றான் அண்ணன். அப்பா அவன் தோளில் கை வைத்து, "இருடா" என்றார். கதவைச் சாத்திவிட்டு, சாத்திய கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அம்மா வந்து ஏறினாள்.

எல்லோரும் ஊர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அவள் நிலத்துப் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்தாள். டிராக்டர் ஏரிக்கரையில் ஏறியதும் சக்கரத்துப் புழுதி மொத்தமும் அவள் பக்கம்தான் எழும்பியது. திரும்பி உட்காரச் சொல்லலாம் என்று பார்த்தபோது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"இன்னாம்மா, கண்ல தூசியா?"

அம்மா தலையாட்டினாள்.

"தொறந்து காட்டு. ஊதறேன்."

ஆடுகிற டிரெய்லரில் முட்டிபோட்டு நின்று, அவள் இமையை இரண்டு விரலால் பிரித்து, பலமாக ஊதினேன். பிறகு அடுத்த கண்ணையும் கேட்டேன். அம்மா அதையும் காட்டினாள்.