அக்னெஸ் மச்சாள் கட்டிய முட்டைகள்

அக்னெஸ் மச்சாளுக்கு ஐம்பத்தேழு வயது. பியர்பொன்ட்ஸில் ஆற்றுக்குக் கிட்ட ஒரு டவுன்ஹவுஸில் இருக்கிறார். டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் கிச்சனில் இருபத்திரண்டு வருட வேலை. முள்ளுக்கரண்டி, கத்தி, கை துடைக்கிற பேப்பர் சேர்வியெட் மூன்றையும் சுருட்டி உறைக்குள் தள்ளும் மேசையில்தான் முதலில் நின்றார். ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்தைத் தாண்டுவார்; பக்கத்தில் நிற்பவர் எழுநூறில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். கை வேலையில் அவரோடு போட்டிக்குப் போகக்கூடாது. அவருடைய கணவர், என் அண்ணன் தேவதாசன் போனார், ஒரே வாரத்தில் தோற்றார்.

எங்களுக்கு ஊர் மன்னார். மீன் பிடிக்கிற குடும்பம். இங்கே வந்து ஒருவர் டாக்சி, ஒருவர் லொறி, நான் விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறேன் என்றாலும், வருடத்தில் ஒரு முறை, ஒக்டோபர் கடைசியில், ஐந்து ஆண்கள் என் வான் வண்டியில் ஏறி நாலு மணித்தியாலம் ஓடி ஒன்டாரியோ ஏரியில் விழுகிற ஒரு சின்ன ஆற்றுக்குப் போவோம். ஸ்டீல்ஹெட் பிடிக்க. அது ஏரியில் வளர்ந்து ஆற்றுக்கு ஏறி வருகிற ட்ரவுட் மீன். கொழுத்தது, முரடு. அந்த நாட்களில் சால்மன் மீன்கள் ஆற்றில் முட்டையிடும். அந்த முட்டைகளைத் தின்ன ஸ்டீல்ஹெட் பின்னால் வரும். ஆகவே தூண்டிலில் புழு வேண்டாம், முட்டை வேண்டும். நிஜ முட்டை கரைந்து போகும் என்பதால், பஞ்சு மாதிரியான ஒரு நூலால் முட்டை கட்டிக் கொளுவுவார்கள்.

எட்டு வருடத்துக்கு முன் அண்ணன் அந்த நூலையும், தூண்டில் முள்ளைக் கவ்விப் பிடிக்கிற ஒரு சின்ன இரும்புப் பிடியையும் வாங்கிக்கொண்டு வந்து சமையலறை மேசையில் குந்தினார். அவருடைய விரல்கள் ஒவ்வொன்றும் வாழைப்பழம். ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்த மச்சாள், "விடுங்கோ, இது பிளவுஸுக்குக் கட்டுற குஞ்சம்தானே" என்று வாங்கினாராம்.

குஞ்சம்தான், ஆனால் பட்டாணி அளவு. நாலு துண்டு நூலை முள்ளின் முதுகில் குறுக்கே வைத்து, நடுவில் பலமான இழையால் இறுக்க வேண்டும். இழை அறுந்துவிடுமோ என்று பயப்படுகிறவன் கட்டினால் முட்டை கழன்று சுழலும். பிறகு எல்லா நூலையும் மேலே கூட்டி இழுத்துப் பிடித்து, கூர்க் கத்தரிக்கோலால் ஒரே வெட்டு. கையை விட்டால் நூல் விரிந்து உருண்டையாகும். இரண்டாம் வெட்டுப் போட்டால் சரிவராது. மச்சாளின் முதல் முட்டை, பாதி மொட்டையில் எழும்பி ஓடினவனின் தலை போல இருந்தது என்று அண்ணன் சொல்லிச் சிரித்தார். அந்த வார முடிவில் அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, கட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

அதன்பின் நாங்கள் ஐந்து பேரும் மச்சாள் கட்டிய முட்டையால்தான் மீன் பிடித்தோம். நாலாயிரம் முட்டையாவது கட்டியிருப்பார். நாங்கள் மரத்தில் மாட்டிக் கல்லில் சிக்கித் தொலைத்துவிட்டு வந்து இன்னும் கேட்போம். அவருக்கு ஒரு மீனில் பாதியும், "மச்சாளின்ர கைக்கு நிகரில்லை" என்ற புகழும் கிடைத்தன.

"தண்ணிக்கப் போனாப் பிறகு அது எப்பிடி இருக்கும் ஜெராட்? பஞ்சு ஊதுமோ, சுருங்குமோ?" என்று என்னிடம் கேட்பார்.

"நல்லாத்தான் இருக்கு மச்சாள்" என்பேன். இது பதிலா? ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

அவர் விடவில்லை. நாங்கள் கொண்டு வந்த மீனின் சினையை ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டு மூன்று நாள் வைத்துப் பார்த்தார். செம்மஞ்சள் நிறம் போய்ப் பால் வெள்ளையாகியது. "ஆத்தில உருளுற முட்டையும் இப்பிடித்தான் வெளிறியிருக்கும். நீங்கள் கேக்கிற மாதிரிக் குங்கும நிறத்தில இருக்காது" என்றார். நாங்கள் சிரித்தோம். ஆற்றைப் பார்க்காத ஆள் ஆற்றைப் பற்றிச் சொல்வதா?

அவர் ஏன் ஆற்றைப் பார்க்கவில்லை என்று எங்களில் ஒருவன் கூடக் கேட்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், மே மாதம், அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஈரல் போய்விட்டது. மச்சாள் கோப்பி வாங்கக் கீழே போயிருந்த நேரம் என் கையைப் பிடித்தார்.

"ஒக்டோபரில நான் இருக்க மாட்டன். என்ர சீட்டில அவளைக் கூட்டிக்கொண்டு போ. தான் கட்டினது தண்ணிக்கப் போறதை அவள் ஒரு நாளும் பாக்கேல்லை."

"ஓம் அண்ணை" என்றேன். கண்ணீரோடுதான் சொன்னேன், பொய்யாக இல்லை.

அந்த ஒக்டோபரில், "துக்க வருஷம், மச்சாள் வெளிக்கிடக்கூடாது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருடம் செப்டெம்பரிலேயே எங்கள் ஊர்க்காரர் எமிலியானுஸ் அண்ணையைக் கூப்பிட்டு அந்தச் சீட்டை நிரப்பிவிட்டேன். வலை கிடக்கிற இடத்தைப் பெண் தாண்டினால் மீன் படாது என்று எங்கள் ஊரில் ஒரு கதை. நான் அதை நம்புகிறவன் இல்லை. நம்பாத விஷயத்துக்காக ஏன் வீணாக ரிஸ்க் எடுக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். அதைவிடப் பெரிய உண்மை, இரண்டு நாள் பெண்கள் இல்லாமல் குடித்துக் கத்திக்கொண்டு திரிவதை விட எனக்கு மனம் வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கும் போய்வந்தேன்.

மச்சாள் முதல் வருடமும் முட்டை கட்டித் தந்தார். இரண்டாம் வருடமும் தந்தார். அப்போது, "எனக்கும் ஒரு இடம் இருக்குமோ?" என்று கேட்டார்.

"வான் நிறைஞ்சிட்டுது மச்சாள். பேந்து பாப்பம்."

"சரி" என்றார்.

அந்தச் சரியை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் மடத்தனம். இந்த வருடம் வசந்தத்தில் அவர் பழைய விளையாட்டுச் சாமான் கடையில் நெஞ்சு வரை வருகிற ரப்பர் காற்சட்டை ஒன்று வாங்கியிருக்கிறார். ஆணுக்குத் தைத்தது, காலில் ஒரு சாண் வெட்டி ஒட்டியிருக்கிறார். மீன்பிடி அனுமதிச் சீட்டு எடுத்திருக்கிறார். வேலை முடிந்து வந்து, அண்ணனின் தூண்டில் கம்போடு வீட்டுக்குப் பின்னால் ஆற்றங்கரைப் பூங்காவில் நின்று, முள் இல்லாத வெறும் மிதவையை எறிந்து பழகியிருக்கிறார். ஜூன், ஜூலை, ஓகஸ்ட். நாயோடு நடக்கப் போன என் மனைவி தனுஷா கண்டுவிட்டு வந்து சொன்னாள். "ஒவ்வொரு நாளும் அறுபது எறி எண்ணி எறியிறா." நான் மீன் பொரியலில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபர் கடைசி வெள்ளி, பகல் ஒரு மணி. கோயில் கார் நிறுத்துமிடத்தில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் வானின் முன் சீட்டில் மச்சாள். ரப்பர் காற்சட்டை போட்டபடி, பெல்ட் கட்டியபடி, மடியில் முட்டைப் பெட்டி.

"மச்சாள், அஞ்சு பேருக்குத்தான் இடம்."

"தெரியும்."

"அஞ்சு பேர் ஏற்கனவே இருக்கிறம்."

"அதுவும் தெரியும்." கண்ணாடிக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். "இது அவரின்ர சீட். நான் இறங்க மாட்டன். இறக்கிறதெண்டா நீ தூக்கித்தான் இறக்க வேணும்."

எங்களில் இளையவன் பிருந்தன் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். கடைசியில் எமிலியானுஸ் அண்ணை தன் பையை வானிலிருந்து எடுத்துத் தோளில் போட்டார். "எனக்கு முழங்கால் நோகுது. தண்ணிக்க நிக்கேலாது. போயிட்டு வாங்கோ" என்றார். அந்த மனுசன் முதல் நாள்தான் எங்களோடு கால்பந்து விளையாடியிருந்தார். கெட்டித்தனமில்லாத பொய் என்றாலும் நல்ல பொய்.

அப்படித்தான் மச்சாளோடு ஐந்து பேராக வெளிக்கிட்டோம்.

சனி காலை ஆற்றில் நல்ல குளிர். நாங்கள் நாலு ஆண்களும் வழமையான இடங்களில் இறங்கிச் சிவப்பு முட்டை கொளுவி எறிந்தோம். மச்சாள் எங்களுக்குக் கீழே, ஒரு வளைவில், தடி ஊன்றி இடுப்பளவு தண்ணீரில் நின்றார். வெளிறிய முட்டை. எறிந்ததும் அது கண்ணாடித் தண்ணீரில் உருண்டு போவதைக் குனிந்து பார்த்தார். திரும்ப எடுத்து, கையில் வைத்துப் பிசைந்து பார்த்தார். திரும்ப எறிந்தார். ஒரு மணித்தியாலம் அவர் மீன் பிடிக்கவேயில்லை, முட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருடம் இதைத்தான் அவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மதியம் வரை எங்களுக்கு ஒரு கடியும் இல்லை. ஆற்றை ஏசினோம், வெயிலை ஏசினோம். ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணல்தானே. பன்னிரண்டு மணிக்கு மச்சாளின் மிதவை முங்கியது.

கம்பு வளைந்த வளைவிலேயே தெரிந்தது, பெரியது. ஒரு தரம் துள்ளியது, வெள்ளிப் பாளம். நாலு பேரும் கரையோரமாக ஓடினோம். "இழுங்கோ!" "இழுக்காதேங்கோ!" "நூலை விடுங்கோ!" மச்சாள் ஒன்றையும் கேட்கவில்லை. நூலை ஓட விட்டு, நின்றதும் சுற்றி, ஓட விட்டு, சுற்றி, சரியாகத்தான் செய்தார். மீன் கடைசியாக ஒரு தரம் கீழ்நோக்கிப் பாய்ந்தது. மச்சாளின் ஒரு கால் சறுக்கியது.

நான் தண்ணீருக்குள் பாய்ந்து கம்பைப் பிடித்தேன். மற்றக் கையால் நூல் சுற்றும் சில்லை அமுக்கினேன். யோசித்துச் செய்ததில்லை. பெண் ஒருத்தி பாரமாக எதையும் பிடித்திருந்தால் வாங்கிப் பிடிக்கிற பழக்கம், அவ்வளவுதான். நூல் 'டிக்' என்றது. கம்பு நிமிர்ந்தது. மீன் போய்விட்டது.

கரையில் பிருந்தன் தலையில் கை வைத்தான். மச்சாள் என் கையிலிருந்து கம்பை மெதுவாக வாங்கினார். அவர் குரல் உயரவில்லை.

"ஜெராட், உன்னட்டை அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போ எண்டுதான் சொன்னவர். பிடிச்சுக் குடு எண்டு சொல்லேல்லை."

தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறியது போல இருந்தது எனக்கு.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"எனக்கும் சொன்னவர். நீயாக் கூப்பிடுவாய் எண்டு ரெண்டு வருஷம் பாத்தன்."

தெரிந்துகொண்டே எனக்கு முட்டை கட்டித் தந்திருக்கிறார். தெரிந்துகொண்டே "சரி" என்றிருக்கிறார். என் மன்னிப்புக்காக அவர் நிற்கவில்லை. கரைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து இன்னொரு வெளிறிய முட்டை எடுத்தார். விரல்கள் விறைத்திருந்தன, முடிச்சு இரண்டு தரம் வழுக்கியது. என் கை தானாக நீண்டது. இழுத்துக்கொண்டேன். மூன்றாம் தரம் முடிச்சு விழுந்தது. அவர் திரும்ப ஆற்றில் இறங்கினார்.

நான் ஒரு கல்லில் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன்.

இரண்டு மணியாயிற்று. மற்றவர்கள் சாமான் கட்டத் தொடங்கினார்கள். மூன்று மணிக்கு வெளிக்கிடுவது எங்கள் கணக்கு, ஒருவருக்காகவும் நாங்கள் நின்றதில்லை. பிருந்தன் வந்து, "அண்ணை, நேரமாகுது, மச்சாளைக் கூப்பிடட்டோ?" என்றான்.

"கூப்பிடாதே. அவ வரேக்க போவம்."

மூன்றரை மணிக்கு மிதவை திரும்ப முங்கியது. இந்த முறை ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் கத்தவில்லை. இருபது நிமிடம். மீன் கீழே ஓடியது, மச்சாள் தடியை ஊன்றிக்கொண்டு அதன் பின்னால் நடந்தார். ஒரு தரம் முழங்காலில் விழுந்தார். கம்பு மட்டும் மேலே நின்றது. என் தொடைக்குக் கீழே கைகள் நோகும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தேன். அவர் தானாகவே எழும்பினார். மீன் களைத்துப் பக்கவாட்டில் சரிந்து, அவருடைய முழங்காலுக்குக் கிட்ட வந்தது. ஒரு கையில் கம்பு, மற்றக் கையில் தடி. மீனை அள்ள மூன்றாவது கை வேண்டும்.

மச்சாள் கரையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜெராட், வலையைக் கொண்டு வா!"

கேட்டபிறகுதான் எழும்பினேன்.