அமைச்சரிடம் நான் கேட்ட ஒரு வரி

மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை. காட்பாடியிலிருந்து பெங்களூருக்கு ஒரு நாள் பயணம். சோமாலியாவின் ஒரு மாகாணத்தில் சுகாதார அமைச்சராக இருப்பவர் என்னை நேரில் பார்க்க வேண்டும் என்றார். அங்கே ஓர் அரசு மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவுக்குப் பொறுப்பாளர் வேலை. இங்கே அதே வேலையில் எனக்கு ஆறு வருடம். எனக்கு அது வேண்டும். மிகவும் வேண்டும்.

ரயில் காலை 6.10. பெங்களூர் கன்டோன்மென்ட் நிலையம் 9.20. இரண்டாம் வகுப்பு இருக்கை, 110 ரூபாய். ஜன்னல் ஓரம். எதையும் பார்க்கவில்லை.

சிவாஜிநகர் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றிருபது கேட்டார்.

“நடந்தே போய்க்கறேன்ணா.”

“கையில ஃபைலு, இன்டர்வியூதானே? வேர்த்துப்போய் நின்னா யாரு மேடம் வேலை குடுப்பாங்க? எண்பது. உக்காருங்க.”

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு டீக்கடை. இடத்தைச் சொன்னது அமைச்சர்தான். அவர் அறுவை சிகிச்சை படித்தது இந்த ஊரில். தமிழ், ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்களிடம் கற்றது. பிறகு சொந்த ஊரில் பதினோரு வருடம் சர்ஜன். இரண்டு வருடமாக அமைச்சர். இயந்திரங்கள் வாங்க வந்திருந்தார். அதிகாரிகளை ஹோட்டலில் விட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார்.

கடைக்காரர் பழைய சிநேகிதர். “என்னா டாக்டர் சாப், இன்னும் மந்திரிதானா? கவுத்துட்டாங்களா?”

“கவுத்தா உன் கடைக்கு டீ ஆத்த வரேன், பாய்.”

“வேணாம்பா. இருக்கிற கிளாஸையும் உடைப்ப.”

கத்தியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

“ஒரு நாளைக்கு நாலு பேருக்கு ஆபரேஷன் பண்ணுவேன். அஞ்சாவது ஆள் கரண்ட் இல்லாம செத்துப்போவார். ஜெனரேட்டருக்குக் கையெழுத்துப் போடற நாற்காலி வேற எங்கேயோ இருந்தது. போய் உக்காந்தேன்.”

“இந்த வேலையில எனக்கு முன்னாடி இருந்தவர் ஏன் போனார் சார்?”

கிளாஸை நகர்த்தினார்.

“நான் போன் பண்ணினேன்.”

ஓர் எம்.பி.யின் தம்பிக்கு ஆபரேஷன். கருவிப் பெட்டியின் மேல் ஒட்டும் டேப்பில் கோடுகள் இருக்கும். சூடு போதுமானால் கறுக்கும். அன்று கறுக்கவில்லை. பொறுப்பாளர் பெட்டியைத் தர மறுத்தார். அமைச்சரின் போனுக்குப் பிறகு வேறொருவர் எடுத்துக் கொடுத்தார். தையலில் சீழ். நோயாளி பிழைத்துக்கொண்டார். பொறுப்பாளர் அன்றே வேலையை விட்டார்.

“சர்ஜனா இருந்திருந்தா கத்தியைக் கீழ வச்சிருப்பேன். அன்னிக்கு மினிஸ்டரா இருந்தேன்மா.”

எழுந்து போயிருக்கலாம். பேனாவை எடுத்தேன். அவர் கொண்டுவந்திருந்த நியமனக் கடிதத்தின் அடியில் எழுதினேன்: கோடு கறுக்காத பெட்டி தியேட்டருக்குள் போகாது. யார் சொன்னாலும். இது இல்லாமல் வர மாட்டேன் என்றேன்.

படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“‘யார்’னு போட்டா நான் தப்பிச்சுக்குவேன். ‘அமைச்சர்’னு எழுது.”

எழுதினேன். அதையே ஆங்கிலத்தில் அவர் எழுதி, கையெழுத்துப் போட்டார்.

வெளிநாட்டு நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு: அசல் சான்றிதழ்களோடு இரண்டு நகல். முந்தையவர் ஏன் போனார் என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேசாதீர்கள்.

வரும் செவ்வாய் விமானம். அந்த ஊரில் இன்னோர் எம்.பி.க்கு இன்னொரு தம்பி இருப்பான். போன் வரும். எடுப்பேன். முடியாது என்பேன்.