தேர்க்கூட்டத்தைத் தாண்டிய படப்பெட்டி

நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். எழுத்துப் பிழையையும் மறதியையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று பேத்தி நகப்பூச்சுப் போத்தலைத் திறந்ததும் அப்பாவின் சட்டை மணத்தது. அறுந்த படச்சுருளை ஒட்டும் பசைக்கும் அதே மணம்தான். அப்போது திருகோணமலையில் இரண்டு தியேட்டர்களுக்கும் ஒரே படப்பெட்டிதான். கடற்கரைத் தியேட்டரில் முதல் பாதி ஓடி முடிந்ததும், அந்தச் சுருள்களைப் பெட்டியில் அடுக்கி அப்பா சைக்கிளில் மற்றத் தியேட்டருக்குக் கொண்டு ஓடுவார்.

"இனி ஒருக்கால் பிந்தினால் வேற ஆளைப் பார்ப்பன்" என்று அந்தத் தியேட்டர் முதலாளி சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு அப்பா பெட்டியோடு புறப்பட்ட ஒருநாள் பார்த்து அம்மன் தேர். தெரு நிறையச் சனம். அப்பா மணியை அடித்து அடித்துக் களைத்துப்போனார்.

"தேருக்கு முன்னால சைக்கிளோ? இறங்கும் காணும்!" என்று ஒருவர் அதட்டினார்.

என்னோடு தேர் பார்க்க வந்த அம்மா அதைக் கண்டுவிட்டார். "பெட்டியை இஞ்ச தாங்கோ" என்று வாங்கித் தலையில் வைத்தார். மஞ்சள் துண்டால் மூடி, வேப்பிலையும் செருகிக்கொண்டு, நேர்த்திக்கடன் சுமப்பவர்போல நடந்தார்.

"தள்ளுங்கோ, நேர்த்திக்காரி வாறா!" என்று, முன்பு அப்பாவை அதட்டிய மனிதரே வழி எடுத்துக் கொடுத்தார். ஒரு பெண் அம்மாவின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். பின்னால் அப்பா சைக்கிளை உருட்டியபடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு "அரோகரா" சொன்னார்.

படம் தொடங்கும் மணி அடிக்க முன்னமே பெட்டி உள்ளே போனது. தியேட்டர் முழுக்க விசில். முதலாளி அம்மாவின் ஈரக் காலைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, கடலாலயோ வந்தனீர்?"

"ஓம் முதலாளி, மற்றப் பாதியும் இப்பிடித்தான் வரும்" என்று அம்மா துண்டை உதறி மடித்தார்.

அந்த வருடம் தேர் எந்தத் தெருவால் போனது என்று நினைவில்லை. தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள்.