தன் குரலைக் கண்டுகொண்ட பெட்டி

போன வாரம், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அம்பத்தூரில் எங்கள் கம்பெனி முழுக்கத் துடைப்பமும் ஈரத்துணியுமாக இருந்தது. பூஜைக்கு முன்னால் எந்த இரும்பிலும் தூசி இருக்கக் கூடாது... எங்கள் தொழிற்பேட்டையில் எழுதாத சட்டம்!

ஹவுஸ்கீப்பிங் தனம் அக்கா சுவரில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியையும் விடவில்லை. லைட் போடுகிற ஸ்விட்ச் இல்லை இது. எல்லா மெஷினின் கேபிளும் இதில்தான் வந்து சேரும். மெஷின்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது இதன் வழியாகத்தான். அதில் ஒரு கேபிளின் முனை தொங்கியது. துடைக்கும்போது கழன்றுவிட்டதோ என்று பயந்து, காலியாக இருந்த ஓர் ஓட்டையில் செருகிவிட்டார்.

உடனே சூப்பர்வைசருக்கு போன். நெட்வொர்க் பார்க்கும் நித்யா மேடம் - ஆவடி சேக்காட்டில், தன் ஃபிளாட்டிலிருந்து!

“பெட்டியில யாரோ கை வெச்சிருக்காங்க சார்.”

சூப்பர்வைசர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கத்தினார். “யார்யா அது? லைன் மட்டும் நின்னுச்சுன்னா... நாளைலேர்ந்து கேட்டுக்குள்ள கால் வெக்க முடியாது!”

தனம் அக்கா காண்ட்ராக்ட் ஆள். ஒரு வார்த்தையில் வேலை போய்விடும். “நாந்தான் சார்... தொங்கிகினு இருந்துச்சு, சொருவிட்டேன்.”

பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவன் நான். வாரா வாரம் இந்தப் பத்தியில் இவ்வளவு பேசுகிறேனே, கம்பெனியில் வாயே திறக்க மாட்டேன். படிப்பும் ஐந்தாவதுதான். மேடம் சொல்லச் சொல்லப் பார்த்தேன். பெட்டியில் எல்லா விளக்கும் பச்சை, ஒன்று மட்டும் மஞ்சள். அதற்கு நேரே செருகியிருந்த கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனேன். மறுமுனையும் அதே பெட்டியில்!

“ஒரு முனைய உருவுங்கண்ணே.”

உருவினேன். சொல்ல வாயெடுப்பதற்குள், “எடுத்துட்டீங்க, தெரியுது” என்றார். ஆவடியில் இருந்துகொண்டே!

பெட்டி அனுப்பிய சேதி ஓர் ஓட்டையில் போய், இன்னொரு ஓட்டை வழியாக அதற்கே திரும்பி வந்ததாம். சுற்றவிட்டால் பெருகிப் பெருகி எல்லா மெஷினும் திணறியிருக்கும். ஆனால் பெட்டி தன் குரலைத் தானே கண்டுகொண்டது. அந்த ஓட்டையை மட்டும் மூடியது. மேடத்துக்கும் தகவல் சொல்லிவிட்டது. எந்த மெஷினும் நிற்கவில்லை!

நம்மால் முடியுமா? நாம் கிளப்பிவிட்ட பேச்சு தெருவைச் சுற்றி நம் காதுக்கே வந்தால், ‘அப்படியா!’ என்று மறுபடியும் அனுப்பிவைக்கிற ஜாதி ஆயிற்றே நாம்.

“அந்தக் கேபிள தொங்கவிட்டுப் போனது நான்தான் சார். அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க” என்றார் மேடம்.

சூப்பர்வைசர் விடவில்லை. “அதுக்குன்னு இவங்க எப்படி கை வெக்கலாம்?” சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

எப்படித்தான் வந்ததோ அந்தத் தைரியம்... “சார், எல்லா மெஷினும் ஓடுது சார்” என்றேன்.

மெஷினே பேசியதுபோல என்னைப் பார்த்தார். பிறகு தனம் அக்காவிடம் திரும்பி, “போம்மா... நாளைக்கு சீக்கிரம் வந்து பொட்டு வை” என்றார்.

மறுநாள் தனம் அக்கா எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பெட்டிக்கு மட்டும் எட்ட நின்று ஒரு கும்பிடு.

“நான் தொட மாட்டேன் அண்ணாத்தே... அது பாத்துகினே கீது!”